வலிப் பட்டை ஒட்டிய பிறகும் மார்ஃபின் மாத்திரை எதற்கு?

புற்றுநோய் வலிக்காகத் தோலில் ஃபென்டனில் பட்டை ஒட்டியிருக்கும்போதே மருத்துவர் மார்ஃபின் மாத்திரையும் எழுதித் தருவது ஏன் என்று பலருக்குக் குழப்பம். இரண்டும் ஓபியாய்டுகள், மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தியைத் தணிக்கும் மருந்துகள். வேகம்தான் வேறு.

பட்டை பொதுவாக 72 மணி நேரம் மருந்தை மெல்லக் கசியவிடும். (அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சூட்டில் மருந்து வேகமாக இறங்கிவிடும்.) ஆனால் வலி அப்படிச் சீராக இருப்பதில்லை. படுக்கையில் புரண்டு படுத்தாலே சுரீரென்று பாயும். அப்போது கைகொடுப்பது, சுமார் அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும் மாத்திரைதான். அந்தத் தவிப்பைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது கொடுமை.

ஓட்டைப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய நீர்த்தாரை மட்டத்தைக் காக்கிறது. திடீரென மட்டம் இறங்கினால் ஒரு குவளை ஊற்றுகிறோம்.

'ஒன்று தோல்வழி, மற்றது வாய்வழி. இரண்டின் அளவும் ஒன்றாகக் கணக்கில் சேராது' என்று எண்ணுவது தவறு: இரண்டும் ஒரே ரத்தத்தில்தான் கலக்கின்றன, அளவு மீறினால் மூச்சே மந்தமாகிவிடும் என்பதால் மாத்திரையின் அளவையும் இடைவெளியையும் மருத்துவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள்.