வீட்டிலேயே கார் கழுவும் கிட் வாங்கலாமா, இல்லை பணம் தண்டமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் கிட்டில் வரும் பிரஷர் வாஷரின் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'பார்' (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) கணக்கைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அது உச்ச அழுத்தம். வேலை செய்யும்போது கிடைப்பது அதைவிடக் குறைவுதான். பெயின்ட்டுக்கு அந்த உச்சம் தேவையும் இல்லை.

கண்டவரிடமும் வாட்டர் வாஷுக்கு விட்டு மனசு நொந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இலவசமாகக் கழுவிக் கொடுத்தார்கள். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். கறுப்பு கார் வேறு. பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், ஏறக்குறைய 40-50 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மண் ஒட்டிய துணியால் தேய்த்தால் அது என்ன ஆகும்? இதைக் கேட்டதற்கு, "எல்லா காரிலும் இருக்கிறதுதான் சார்" என்று பதில் வந்தது. சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடிகளைத் திருப்பி, ஸ்டீயரிங்கை இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்களே, அதையாவது பழையபடி வைக்கக் கூடாதா? ஒவ்வொரு சர்வீஸுக்கும் இதே கதை.

கிட் வந்ததும் நிழலில் நிறுத்தி முதலில் வெறும் தண்ணீர் அடித்தேன். அப்புறம் ஃபோம். கதவின் கீழ்ப்பக்கம் வெள்ளை நுரை மெல்லப் பழுப்பாகி வழிந்து இறங்கியது. அது காய்வதற்குள் அலசியாக வேண்டும். வீடியோக்களில் சொல்கிற மாதிரி ஃபோம் மட்டுமே எல்லா அழுக்கையும் எடுத்துவிடாது. அலசிய பிறகும் விரலால் தொட்டால் ஒரு மங்கலான படலம் ஒட்டும். அதை எடுக்க மைக்ரோஃபைபர் கையுறையும் இரண்டு வாளியும் வேண்டும். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு பாகம் தேய்த்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே, சக்கரத்துக்குத் தனித் துணி. வேலை முடிந்து அந்த வெறும் தண்ணீரைக் கொட்டினால் வாளி அடியில் நறநறவென்று மணல். அவ்வளவும் பானட்டில் தேய்ந்திருக்க வேண்டியது!

"ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியனும் போதாதா" என்று கமென்டில் யாராவது வருவார்கள். கார் உங்களுடையது, போதுமென்றால் போதும். தண்ணீர் வீண் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டு உபயோக பிரஷர் வாஷர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர்தான் இழுக்கும். திறந்துவிட்ட ஹோஸ் பைப்பில் அதைவிட அதிகம் போகும்.

பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், பூசியிருக்கும் மெழுகைக் கரைத்துவிடும். நாசிலை டயரின் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்காதீர்கள். உப்புத் தண்ணீர் என்றால் தானாகக் காயட்டும் என்று விடாமல் உடனே டவலால் ஒற்றி எடுங்கள், கறை தங்கிவிடும். அந்த டவலைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள், அப்புறம் அது தண்ணீரை உறிஞ்சாது.