அம்மாட கால்த்தோல் வறண்டு ராவெல்லாம் கடி – பதில்

தம்பி, அம்மாக்கு 74 வயசு, முழங்காலுக்குக் கீழ செதில் செதிலா வெடிச்சு ராவு முழுக்கச் சொறியிறா, தேங்காயெண்ணெ பூசியும் சரிவரல்ல, சுடுதண்ணியிலதான் குளிக்கிறா, பக்கத்து வீட்டாக்கள் ஒரு ஸ்டீரொய்ட் கிரீம் குடுத்திருக்காங்க எண்டு எழுதியிருந்தீங்க. வயசு போகப் போக தோல்ல எண்ணெப்பசை குறையும், அதோட களுவாஞ்சிக்குடிப் பக்கம் இப்ப கச்சான் எண்ட வறண்ட சுடுகாத்து வேற, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிரும்.

முதல்ல அந்தச் சுடுதண்ணிக் குளிப்ப நிப்பாட்டுங்க, சவர்க்காரம் கக்கத்துக்கும் கவட்டுக்கும் போட்டாக் காணும், காலுக்கு வேணாம். குளிச்ச உடன துவாயால தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, தோல் ஈரமா இருக்கக்குள்ளேயே வஸ்லின் பூசிரணும், காஞ்சாப்பிறகு பூசினா பெரிசா வேலையில்ல, எண்ணெ கேக்காததும் அதாலதான் போல. செதில் தடிப்பெண்டா 10% யூரியா கிரீம் நல்லம், ஆனா சொறிஞ்சு புண்ணான இடத்தில பூசிராதீங்க, எரியும், பிறகு அம்மாட்ட ஏச்சு வாங்குறது நீங்கதான் :)

பக்கத்து வீட்டாக்கள் குடுத்த ஸ்டீரொய்ட் கிரீம் டொக்டர் சொல்லாமத் தொட வேணாம், வயசான தோல் இன்னும் மெலிஞ்சு லேசாத் தட்டுப்பட்டாலே கிழியும்.

ரெண்டு கிழமையில குறையல்ல, உடம்பெல்லாம் கடிக்குதெண்டா கிளினிக்ல காட்டி கிட்னி, ஈரல், தைரொயிட் பாக்கச் சொல்லுங்க. வீட்டில மத்தாக்களும் சொறியிறாங்களா? அப்பிடியெண்டா சிரங்காவும் இருக்கலாம், அதுக்கு மருந்து வேற.