பயங்கரவாதத்தின் கணக்குப்பிள்ளை

அன்புள்ள ஐயா,

இத்தாலியப் பொருளியலாளர் லொரெட்டா நெப்போலியோனியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பயங்கரவாதக் குழுக்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வது ஒரு வேலையா? பொருளியல் முதுகலை படிக்கும் என் மகள் அதைத்தான் செய்யப்போகிறேன் என்கிறாள். உளவாளி வேலை மாதிரித் தெரிகிறது. பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உளவாளியை விடுங்கள். இது பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் படிக்கிற வேலை. வங்கிகள் சந்தேகப்பட்டு அனுப்பும் அறிக்கைகள், நீதிமன்ற ஆவணங்கள், ஏற்றுமதிப் பில்கள்.

நெப்போலியோனி திட்டமிட்டு இதற்குள் வந்தவரல்ல. சிறுவயதுத் தோழி ஒருத்தி ‘ரெட் பிரிகேட்ஸ்’ என்ற இத்தாலிய இடதுசாரி ஆயுதக் குழுவில் இருந்தது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1990களில் அந்தக் குழுவினரைச் சந்தித்துப் பேசினார். புரட்சியைப் பற்றிப் பேசுவார்கள் என்று போனவருக்குக் கிடைத்தது வரவுசெலவுக் கதை. பணம் புரட்டுவதிலேயே அவர்கள் பொழுது போயிருக்கிறது!

கள்ளப் பணத்தை வெளுப்பதில் குற்றம் முதலில், பணம் அப்புறம். பயங்கரவாத நிதியில் அது தலைகீழ். சம்பளமாகவோ நன்கொடையாகவோ வந்த நல்ல பணமாகவே அது இருக்கலாம். குற்றம் இன்னும் நடந்திருக்காது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குச் சதிகாரர்கள் செலவழித்தது 4 முதல் 5 லட்சம் டாலர்தான். அதில் பெரும்பகுதி சாதாரண வங்கிக் கணக்குகள் வழியாகவே போனது. எந்த வங்கியும் சந்தேகப்படவில்லை.

இன்னொரு தொகையையும் சொல்கிறேன். பின்லேடனுக்கு 30 கோடி டாலர் பரம்பரைச் சொத்து என்று உலகமே நம்பியது. செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க விசாரணைக் குழு 2004இல் பார்த்தபோது, 1970 முதல் ஏறத்தாழ 1994 வரை ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம்தான் வந்திருந்தது. அல்-கொய்தாவின் ஆண்டுச் செலவான சுமார் 3 கோடி டாலர், பெரும்பாலும் நன்கொடையாகத் திரண்டது. “இந்தத் தொகையை முதலில் யார் சொன்னது?” என்று நச்சரிக்கிற ஆள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். (அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காது.)

அப்படி நச்சரிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? 2001 நவம்பரில் அல் பரகாத் என்ற சோமாலியப் பணப் பரிமாற்ற நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியது. வெளிநாட்டில் உழைத்த சோமாலியர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பிய முக்கியமான வழி அது. அல்-கொய்தாவுக்கு அது பணம் கொடுத்ததாகச் சொன்னதற்கு உறுதியான சான்று எதுவும் பிற்பாடு அந்த விசாரணைக் குழுவின் அதிகாரிகளுக்குக் கிடைக்கவில்லை. பணம் வராமல் அடுப்பு எரியாத வீடுகளை யார் கணக்கில் எழுதுவது? என்னைக் கேட்டால், பொருளியல் படித்தவர் இதற்குள் வருவதற்கு அதுவே போதுமான காரணம்.

வேலைக்குப் பஞ்சமில்லை. கள்ளப் பணம் வெளுப்பதைத் தடுக்க 1989இல் தொடங்கிய பன்னாட்டு நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF) 2001 அக்டோபரில் பயங்கரவாத நிதியையும் கையில் எடுத்தது. இன்று வங்கிகளிலும், அரசுகளின் நிதிப் புலனாய்வுப் பிரிவுகளிலும், பல்கலைக்கழகங்களிலும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்குப் புள்ளியியல் வரும். கணக்குப்பதிவியலும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். சரி, படிக்க வேண்டிய காகிதங்களில் பாதி அரபியில் இருக்குமே, அதற்கு என்ன செய்யப்போகிறார் என்று கேட்டு எழுதுங்கள்.