சம்பங்கி என்ற பெயருக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

இதைக் கேட்டவர் யாரிடமோ திட்டு வாங்கிவிட்டுத்தான் வந்திருப்பார். நான் மாமியாரிடம் வாங்கினேன்.

அவர் பெங்களூர் மல்லேசுவரத்துக்காரர். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, வெள்ளிக்கிழமை பூஜைக்கு 'சம்பிகே' வாங்கி வரச் சொன்னார். சம்பங்கியைத்தான் கன்னட வாயில் சொல்கிறார் என்று நினைத்து, தெற்கு மாட வீதியில் கால் கிலோ உதிரி வாங்கிப் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். பொட்டலத்தைப் பிரித்தவர், "என்ன மாப்பிள்ளை, இது சுகந்தராஜா ஆச்சே!" என்றார். "எங்க ஊர்ல இதுதான் அத்தை சம்பங்கி." எடுபடவில்லை. திரும்பப் போனேன். பூக்கார அக்கா, "செண்பகம்னு கேட்டிருக்கணும் சார்" என்று சிரித்துக்கொண்டே, வாழையிலைத் துண்டில் மஞ்சளாக ஐந்தே ஐந்து பூ வைத்துக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். சம்பகம், செண்பகம், கன்னடத்துச் சம்பிகே, தெலுங்குச் சம்பங்கி எல்லாம் ஒரே சொல்லின் உருவங்கள். அந்த மஞ்சள் மரப்பூவின் பெயர்கள். நாம் மாலை கட்டுகிற வெள்ளைப் பூ மெக்சிகோவிலிருந்து கடல் தாண்டி வந்தது. வரும்போது தமிழ்ப் பெயரோடா வரும்? செண்பகத்தின் பெயரை இரவல் கொடுத்தார்கள். மரமாக வளராமல் தரையில் கிழங்கிலிருந்து முளைப்பதால் நிலசம்பங்கி. நிலவேம்பு மட்டும் வேம்பா என்ன? அப்புறம் பேச்சில் 'நில' உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்து டியூபரோஸிலும் ரோஜா கிடையாது. கிழங்குள்ளது என்று பொருள்படும் 'டியூபரோசா' என்ற லத்தீன் சொல்தான் அது.

செண்பகம் தமிழா வடமொழியா என்று மல்லுக்கு வருகிறவர்களுக்கு: நான் மொழியியல் படித்தவனில்லை. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் 'பெருந்தண் சண்பகம்' இருக்கிறது, எனக்கு அது போதும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். எங்கள் குடியிருப்பு வாசலில் உயரமாக ஒரு மரம் நின்றது. கார் மேல் இலை கொட்டுகிறது, கம்பளிப்பூச்சி வருகிறது என்று சங்கக் கூட்டத்தில் வெட்ட முடிவு செய்தார்கள். நட்டவரைக் கேட்கவில்லை, மாநகராட்சியில் அனுமதி வாங்கினார்களா என்றும் தெரியாது. ஒரே காலையில் அடிமரம் வரை போய்விட்டது. அத்தை வருவதற்கு முந்தைய வருஷம் நடந்தது இது. அக்கா நீட்டிய பூவை முகர்ந்தபோதுதான் அது எங்கள் வாசல் வாசனை என்று பிடிபட்டது. அந்தக் கூட்டத்தில் நானும் கை தூக்கியிருந்தேன்.