சுணை பட்ட கையை விடுங்க, முழங்கால் முள்ளைக் கவனிங்க

கேள்வி: காட்டுப்பாதையில நடந்தப்ப ஏதோ செடி உரசி கை முழுக்க தடிப்பு தடிப்பா எரியுது, தாங்க முடியல. கூட வந்தவர் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்றார். அப்புறம் முழங்கால் பக்கத்துல ஒரு கருவேல முள் குத்தி நுனி ஒடிஞ்சிருச்சு, அது இப்ப வலிக்கல. டாக்டரைப் பாக்கணுமா?

பதில்: பாக்கணும், ஆனா கைக்காக இல்ல. நீங்க போற போக்குல சொன்ன அந்த முள்தான் எனக்கு உறுத்துது.

முதல்ல கை. நீங்க சொல்றத பாத்தா செந்தட்டி மாதிரிதான் தெரியுது, காஞ்சொறின்னும் சொல்வாங்க. அதோட சுணை, அதாவது செடி மேல இருக்கற பொடி முடி, ஒவ்வொண்ணுலயும் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒண்ணு ஊசி மாதிரி இருக்கும், அது தோலைக் குத்துற வழியா சாறு உள்ள போய்தான் இப்படி எரியுது. தேய்ச்சீங்கன்னா மிச்சம் இருக்கற சுணையும் ஏறும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரிங்க, சோப்பு போட்டு கழுவுங்க, ஈரத்துணியில சுத்தின ஐஸ் வைங்க, கேலமைன் லோஷன் தடவலாம். பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ள அடங்கிடும். எலுமிச்சை வேண்டவே வேண்டாம், அந்த சாறு தோல்ல இருக்கறப்ப வெயில் பட்டா சுட்ட மாதிரி கொப்புளம் வந்து கருப்பா தழும்பு விழும், அது மறைய வாரக்கணக்கா ஆகும். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ மட்டும் உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

ஒருவேளை பட்டது பூனைக்காலி காய்னா போட்டிருந்த துணியையும் தனியா துவைங்க, சுணை அதுலயும் ஒட்டியிருக்கும். அந்த அரிப்புக்கு செட்ரிசின் மாத்திரை போட்டும் கேக்கலயேன்னு நிறைய பேர் புலம்புவாங்க, கேக்காதுதான், ஏன்னா அந்த மாத்திரை தடுக்கறது அலர்ஜில உடம்பு விடற ஹிஸ்டமினை, இது பெரும்பாலும் அதனால வர்ற அரிப்பு இல்ல, சுணைல இருக்கற ஒரு என்சைம் பண்ற வேலை.

இப்ப முள். நுனி வெளிய தெரிஞ்சா ட்வீசரால குத்தின சாய்வுலயே இழுங்க. தெரியலன்னா ஊக்கு வச்சு நோண்டாதீங்க, தண்ணில ஊற வைக்கவும் வேண்டாம், மரமுள் ஊறினா உப்பி உள்ளயே சிதையும். இது முழங்கால் மூட்டுகிட்டங்கறதுதான் சிக்கல். மூட்டுக்குள்ள துணுக்கு தங்கிட்டா மொதல்ல வலி குறைஞ்சு எல்லாம் சரியான மாதிரி இருக்கும், பல வாரம் கழிச்சு காரணமே தெரியாம மூட்டு வீங்கும், அப்ப முள் குத்தினதே நமக்கு ஞாபகம் இருக்காது. எக்ஸ்ரேல மரமுள் பெரும்பாலும் தெரியாது, அதனால டாக்டர்கிட்ட முள் கதையை நீங்களா சொல்லி அல்ட்ராசவுண்ட் தேவையான்னு கேளுங்க. கடைசியா டிடி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டிடுச்சுன்னா அதையும் போட்டுக்கோங்க. சிவப்பு பரவுது, சீழ் வருது, காய்ச்சல் அடிக்குதுன்னா அன்னிக்கே போங்க.

சப்பாத்திக்கள்ளியோட பொடி முள்ளுக்கு மட்டும் வேற வழி. ட்வீசரால முடிஞ்சத எடுத்துட்டு, ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை மெல்லிசா தடவி மேல காஸ் துணி ஒட்டி, நல்லா காஞ்சதும் உரிச்சா மிச்சமும் கூட வந்துரும். சூப்பர் க்ளூவை எடுத்துடாதீங்க சாமி.

நீங்க கேக்கலன்னாலும் ஒண்ணு சொல்லிடறேன். கள்ளிப்பால் கண்ணுல பட்டா எரிச்சல்ல துடிச்சு உடனே ஓடிடுவோம். எருக்கம்பால் அப்படி இல்ல, பெருசா வலிக்காமலே சில மணி நேரத்துல பார்வை மங்கிடும், அதுக்குள்ள பலரும் தூங்கப் போயிருப்பாங்க. எந்தப் பால் பட்டாலும் கான்டாக்ட் லென்ஸ் இருந்தா கழட்டிட்டு, 15-20 நிமிஷம் சுத்தமான தண்ணிய ஊத்தி ஊத்தி கழுவிட்டு, வலி இருக்கோ இல்லையோ அன்னிக்கே கண் டாக்டரைப் பாருங்க. வீட்டுல மிச்சம் கிடக்கற பழைய சொட்டு மருந்து எதையும் விடாதீங்க.