ஜிமெயிலில் போன காணிக் கடிதம்
வணக்கம். வன்னியில் குளத்துக்குக் கீழுள்ள உங்கள் வயற்காணியின் அனுமதிப்பத்திரம் பற்றிக் காணி உத்தியோகத்தர் மேலிடத்துக்கு ஜிமெயிலில் எழுதியதை, ‘அது என் சொந்த மின்னஞ்சல்’ என்று கூறித் தர மறுப்பதாக எழுதியிருந்தீர்கள். இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், தகவல் என்பதற்கான பொருள்விளக்கத்திலேயே மின்னஞ்சலையும் பெயர்சொல்லிச் சேர்த்திருப்பதோடு, பகிரங்க அதிகாரசபையின், அதாவது அரச அலுவலகம் போன்றவற்றின், உடைமையிலோ பாதுகாப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருப்பவற்றைக் கேட்கும் உரிமையைப் பிரசைகளுக்கு வழங்குகிறது. ஆகவே, யாருடைய கணக்கிலிருந்து போனது என்பதைவிட, எந்த அலுவலுக்காக எழுதப்பட்டது என்பதே முக்கியமென நான் கருதுகிறேன். அவர் வீட்டுக் கலியாணப் பேச்சு இதற்குள் வராது. காணி இலக்கம், திகதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, கிடைத்ததற்கான பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் (அங்கு மேன்முறையீட்டை விசாரிப்பவர்) மேன்முறையிடலாம். கேட்ட தகவலை வேண்டுமென்றே அழிப்பது குற்றமாகையால், விண்ணப்பத்தைத் தாமதிக்காதீர்கள்.