பெருவிடைக் கோழி வளர்த்தவர்களின் அனுபவம் என்ன? வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க ஏற்றதா?

அரை ஏக்கர் தோட்டத்தில் பத்துப் பெட்டையும் இரண்டு சேவலும் விட்டு வளர்க்கலாமா, வருமானம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சேவல் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். பெருவிடையில் இரண்டு சேவல்களை ஒரே தோட்டத்தில் அவிழ்த்துவிட முடியாது. ஐந்து ஏக்கர் இருந்தாலும் ஒன்றை ஒன்று தேடிப் போய் அடித்துக்கொள்ளும். சிறுவிடை என்கிற சிறிய நாட்டுக்கோழியின் சேவல்கள் நான்கு தடவை எகிறி மோதும். யார் பெரியவர் என்று முடிவானதும் தோற்றது வேலியோரமாக ஒதுங்கிவிடும். பெருவிடைக்கு ஒதுங்கத் தெரியாது. கண் வீங்கி மூடிய பிறகும், நிற்கத் தெம்பில்லாமல் எதிரியின் கழுத்திலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு கொத்தும். சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த இனம்; வேறு எப்படி இருக்கும்?

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் இந்த இனம் இருக்கிறது. அவர் எதற்காக வளர்த்தார் என்பது ஊருக்கே தெரியும். நான் சண்டைக்கு விடுவதில்லை, தெரிந்தே சண்டைக்குக் கொடுப்பதும் இல்லை. ஆனாலும் இந்தக் கோழியை விட முடியவில்லை.

வட இந்தியாவிலும் ஆந்திரத்திலும் அசில் என்று சொல்கிறார்களே, அதே குடும்பம்தான். நன்றாக வளர்ந்த சேவல் நான்கு கிலோ நிற்கும், சில ஐந்தைத் தொடும். பெட்டை இரண்டரையிலிருந்து மூன்று கிலோ. ஆனால் எடையைவிட நிற்கும் விதம்தான் கண்ணில் படும். கழுத்து நீண்டு, முதுகு பின்பக்கம் சரிந்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். இறகு உடம்போடு ஒட்டியிருக்கும். நெஞ்செலும்பின் மேல் இறகே இல்லாமல் சிவந்த தோல் தெரியும். கையில் தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்காது, முழுக்கத் தசை. கொண்டை சிறியது, தலையோடு படிந்திருக்கும். தாடி பெரும்பாலும் இருக்காது. சண்டையில் எதிரி கவ்விப் பிடிக்க எதுவும் தொங்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். ஓர் ஈட்டில், அதாவது ஒரு தடவை முட்டையிட்டு அடை வைத்ததில், பத்துக் குஞ்சு பொரித்தால் பாதி சேவலாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வாரத்திலேயே குஞ்சுகள் எதிரெதிரே நின்று கழுத்து இறகை விரிக்கத் தொடங்கிவிடும். அப்போது பார்க்க வேடிக்கையாக இருக்கும். நான்கைந்து மாதத்தில் பட்டாவாகும்போது, அதாவது இளஞ்சேவலாகும்போது, வேடிக்கை போய்விடும். அதற்குமேல் ஒவ்வொரு பட்டாவுக்கும் தனி இடம் வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் காலில் பருத்திக் கயிறு போட்டு, சுழலும் வளையத்தோடு முளையில் கட்டி வைப்பார்கள். அந்த இடத்துக்குக் கட்டுத்தரை என்று பெயர். இரண்டு கயிறுகளின் நீளத்தையும் சேர்த்தாலும் ஒன்றை ஒன்று எட்டாத தூரத்தில் முளை அடிக்க வேண்டும். நடுவில் தென்னங்கீற்றுத் தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கக் கயிற்றை இழுத்துக் கயிற்றுப் புண் வந்துவிடும். நைலான் கயிறு வேண்டாம், அறுத்துவிடும். காலையில் நிழல் பார்த்துக் கட்டி, வெயில் திரும்பினால் இடம் மாற்றி, மாலையில் கூண்டில் அடைக்க வேண்டும். ஐந்து பட்டா இருந்தால் ஐந்துக்கும் இதே வேலைதான். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போவதென்றால் யாரிடம் ஒப்படைப்பது என்பதே பெரிய பேச்சாகிவிடும் எங்கள் வீட்டில்.

பெட்டைகளும் சாது அல்ல. சேர்ந்து வளர்ந்தவை ஒன்றாக இருந்துகொள்ளும். வெளியிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் சேவலைப் போலவே எகிறி அடிக்கும். புதியதை ஒரு வாரம் வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழக்கிவிட்டு, பொழுது சாய்ந்தபின் கூண்டுக்குள் சேர்ப்போம். அப்போதும் மறுநாள் காலை பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

அடை விஷயத்தில்தான் பலர் மனம் ஒடிந்து போகிறார்கள். பெருவிடைப் பெட்டை நன்றாக அடை கிடக்கும், குஞ்சைப் பாதுகாப்பதிலும் அதற்கு இணை இல்லை. காக்கை, பருந்து எது வந்தாலும் பறந்து எழும்பி மோதும். கீரிப்பிள்ளையைத் துரத்தியதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்று கிலோ உடம்பு. கூடையில் ஏறி இறங்கும்போது முட்டை உடையும். பொரித்த முதல் இரண்டு மூன்று நாளில் தன் குஞ்சைத் தானே மிதித்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் பெருவிடை முட்டையைச் சிறுவிடைக் கோழிக்கு வைப்பதுதான் வழக்கம். அம்மா இதற்கென்றே இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை வைத்திருக்கிறார். பழைய கூடையில் மணல் நிரப்பி, சாம்பலும் வேப்பிலையும் போட்டு (செள் என்கிற சிறு பூச்சி ஏறாமல் இருக்க), ஒன்பது முட்டைக்கு மேல் வைக்க மாட்டார். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக் கரி, காய்ந்த மிளகாய் மூன்றையும் ஓரத்தில் செருகுவார். மிளகாய்க்கும் இடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "உன் அப்பத்தா வைத்தார், பொரித்தது, நீ போய் இரை போடு" என்பார். ஏழாம் நாள் இரவில் நான் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்து, நரம்பு ஓடாதவற்றை எடுத்துவிடுவேன். இருபத்தோராம் நாள் பொரிக்கும்.

அதன்பிறகு நடப்பதைப் பார்க்கவே ஒரு கோழி வளர்க்கலாம். இரண்டு மாதத்தில் குஞ்சுகள் தாயின் உயரத்தை எட்டிவிடும். எல்லாம் கால்தான், நெஞ்சில் இறகுகூட முளைத்திருக்காது. மாலையானால் அத்தனையும் தாயின் இறக்கைக்குள் தலையை நுழைக்கும். நான்கு பக்கமும் நெட்டித் தள்ளியதில் அந்தச் சிறுவிடை தரையிலிருந்து மேலே எழும்பி, பிள்ளைகளின் முதுகில் உட்கார்ந்துகொண்டு கொக்கரிக்கும்.

முட்டைக்காக வளர்க்க நினைத்தால் வேறு இனம் பாருங்கள். பண்ணையில் அளந்து தீவனம் போட்டு, அடைக்கு விடாமல் பார்த்துக்கொண்டால் அசில் ஆண்டுக்குத் தொண்ணூறு முட்டை வரை இடும் என்று ஆராய்ச்சி நிலையக் கணக்கு சொல்கிறது. மேய்ச்சலில், ஒவ்வோர் ஈட்டுக்கும் அடை கிடந்து குஞ்சோடு திரியும் வீட்டுக் கோழியிடம் அதில் பாதிகூடக் கிடைக்காது. முதல் முட்டைக்கே ஆறு மாதம் தாண்டும். கறிக்கும் அப்படித்தான். பிராய்லர் நாற்பது நாளில் இரண்டு கிலோ வந்துவிடுகிறது. பெருவிடைக்கு அந்த எடை வர ஆறேழு மாதம் பிடிக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் அசிலையும் மலாய்க் கோழியையும் அவர்கள் ஊர்ச் சண்டைக் கோழியோடு கலந்து கார்னிஷ் என்ற இனத்தை உருவாக்கினார்கள். அந்தக் கார்னிஷிலிருந்துதான் இன்றைய பிராய்லரின் தகப்பன் வழி வருகிறது. கறிக்கடையில் தொங்கும் அந்த அகன்ற நெஞ்சுக்கு ஒரு மூலம் நம் கட்டுத்தரைதான்.

கறியின் ருசி? பட்டாப் பருவத்தில் அருமை. இரண்டு வயதுச் சேவல் என்றால் குக்கரை எத்தனை விசில் விட்டாலும் நார் நாராகத்தான் வரும். சாறு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பணம் எங்கே இருக்கிறது? குஞ்சு, வெடை (இளம் பெட்டை), பட்டா என்று வளர்ப்புக்கு விற்பதில் இருக்கிறது. கிளிமூக்கு விசிறிவால் என்ற அழகு வகைக்குத் திண்டுக்கல் பக்கம் கண்காட்சியே நடத்துகிறார்கள். கிளி அலகு போல வளைந்த மூக்கு, தரையைத் தொடும் வால். பரிசு வாங்கிய சேவலின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்த விலையை நம்பி இறங்காதீர்கள். அது பெயரெடுத்த சிலரின் சேவலுக்குக் கிடைக்கும் விலை. ஓர் ஈட்டில் அப்படி ஒன்று வந்தாலே அதிர்ஷ்டம். மற்றவை கறிக்கடைக்காரர் சொல்லும் நாட்டுக்கோழி விலைக்குத்தான் போகும். எங்கள் வீட்டில் விற்கிற காசு தீவனத்துக்கும் மருந்துக்கும் சரியாகப் போய்விடுகிறது, எப்போதாவது கொஞ்சம் மிஞ்சும்.

வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் சண்டைக்குக் கேட்பார்கள். மார்கழி பிறந்தால் பைக்கில் வந்து இறங்குவார்கள். "அண்ணா, அந்தக் கருங்கீரிப் பட்டாவைக் கொடுங்கள், பொங்கலுக்கு விட வேண்டும்." "சண்டைக்குக் கொடுப்பதில்லை தம்பி." "வளர்க்கத்தான் அண்ணா." இப்போதுதானே பொங்கலுக்கு என்றாய்! 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளையும் பறவைகளையும் சண்டைக்கு விடுவது குற்றம். கரூர் மாவட்டம் பூலாம்வலசு போன்ற ஊர்களில் பொங்கலுக்குச் சேவல்கட்டு நடப்பதும், அதற்காக நீதிமன்றம் வரை போவதும் நாம் செய்தித்தாளில் படிக்கிற விஷயம்தான். பழக்கம் பழையது என்பதை நான் மறுக்கவில்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த கோழிக்கு எழுத்துப் பொறித்து நட்ட நடுகல்லே இருக்கிறது. கிட்டத்தட்ட ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழையது. அந்தக் காலத்து ஆள் தன் கோழிக்குக் கல் நட்டான். இன்று காலில் கத்தி கட்டி விடுகிறவன், செத்த கோழியைக் குழம்புக்குக் கொண்டுபோகிறான்.

நோய் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் அழுத்திச் சொல்வேன்: வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட். பெருவிடைக்கு நோய் எதிர்ப்பு அதிகம், தடுப்பூசி தேவையில்லை என்று பேசுகிறவர்களிடம் குஞ்சு வாங்காதீர்கள். வந்தால் மொத்தமாக வாரிக்கொண்டு போகும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி விழுந்துவிடும். அதற்குப் பிறகு மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் லசோட்டா என்கிற தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. குப்பியைப் பனிக்கட்டியோடு கொண்டுவர வேண்டும், கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். குப்பி நூறு கோழிக்கான அளவில் வருவதால் நாங்கள் தெருவில் நான்கு வீடு சேர்ந்து வாங்குகிறோம். பிப்ரவரியில் கால்நடைத்துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். அம்மை வந்தால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, கொசு அண்டாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

பெரிய உடம்புக்கே உரிய தொல்லை கால்தான். உயரத்தில் ஏறி உறங்கிவிட்டு, காலையில் கெட்டித் தரையில் தொப்பென்று குதித்தால் உள்ளங்காலில் காயம் பட்டு, சீழ் பிடித்துக் கட்டியாகிவிடும். நொண்டும், பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு தெரியும். முழங்கால் உயரத்துக்கு மேல் பரண் வைக்காதீர்கள், கீழே மணல் போடுங்கள். சேவலின் கால் முள் நீண்டால் பெட்டையின் முதுகைக் கிழித்துவிடும். நுனியை மட்டும் அரத்தால் ராவிவிட வேண்டும், உள்ளே போனால் ரத்தம் கொட்டும்.

இரை கம்பு, சோளம், கேழ்வரகு, கீரை. மக்காச்சோளத்தை மட்டும் அள்ளிப் போட்டால் பெட்டை கொழுத்து முட்டையை நிறுத்திவிடும். குஞ்சுகளுக்குக் கரையான் கிடைத்தால் வேறொன்றும் வேண்டாம். பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் வளர்க்கிறாய் என்றால், மனிதரோடு இந்தக் கோழி பழகுவதைப் பார்த்தால் புரியும். தன் இனத்தோடு இவ்வளவு மூர்க்கமாக இருக்கும் சேவல், வளர்க்கிறவன் கையில் கைக்குழந்தையாக இருக்கும். எங்கள் செவலைச் சேவலைத் தூக்கி மடியில் வைத்துக் கழுத்தைத் தடவினால், கீழ் இமையை மேலே ஏற்றிக் கண்ணை மூடிக்கொள்ளும். அக்காள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் சொல்கிறாள். அது தலையைச் சாய்த்துக் கேட்கிறது, அல்லது அவள் கையிலிருக்கும் முறுக்கைப் பார்க்கிறது.

உங்கள் அரை ஏக்கருக்கு ஒரு சேவல், சேர்ந்து வளர்ந்த மூன்று பெட்டை, அடைக்கு இரண்டு சிறுவிடை போதும். தை, மாசியில் அடை வையுங்கள். ஐப்பசி மழையில் பொரித்த குஞ்சைக் காப்பாற்றுவது கடினம். பட்டாக்களை எங்கே கட்டுவது என்பதை முட்டை வைப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். வாங்கப் போகும்போது காலையில் இரை போடும் நேரத்துக்குப் போய், கோழி ஓடி வந்து பொறுக்குகிறதா என்று பாருங்கள். கையில் தூக்கி உள்ளங்கால், மூக்குச் சளி, இறக்கைக்கு அடியில் செள் மூன்றையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். விடிய மூன்றரை மணிக்கே கூவ ஆரம்பித்துவிடும்.